திருநர், தன்பாலீர்ப்பு நோயாளிகளும் செவிலியர் பராமரிப்பும்

மருத்துவமனையில் நோயாளியின் அருகில் அதிக நேரம் இருப்பவர் செவிலியரே. ஆகவே அவருடைய பார்வையும் சொல்லும் சிகிச்சையின் ஒரு பகுதியாகிவிடுகின்றன. ஏளனத்துக்கு அஞ்சி, நோய் முற்றிய பின்னரே வந்து சேரும் திருநங்கையரை அரசு மருத்துவர் பலரும் கண்டிருக்கிறோம்.

செவிலியரின் தயக்கத்துக்கு வெறுப்பைவிட அறியாமையே காரணம் என்பது எனது அனுபவம். ஆண் வார்டு, பெண் வார்டு என மட்டுமே பிரிக்கப்பட்ட இடத்தில் ஒரு திருநம்பிக்கு எங்கே படுக்கை ஒதுக்குவது என்ற குழப்பம்கூட அவருக்கு அவமதிப்பாகத் தோன்றக்கூடும். எனினும், விரும்பிய பெயரால் அழைக்க மறுப்பதும், பிறர் முன்னிலையில் உடலைப் பற்றி வினவுவதும் ஏற்கத்தக்கவை அல்ல. திருநர்க்குச் சுகாதாரச் சேவையை மறுப்பதை 2019ஆம் ஆண்டின் திருநர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் தடை செய்கிறது.

தன்பாலீர்ப்பு நோயன்று. உலக சுகாதார நிறுவனம் 1990இல் அதனை நோய்ப் பட்டியலிலிருந்து நீக்கியது. அதனை 'மாற்றும்' சிகிச்சையைத் தேசிய மருத்துவ ஆணையம் 2022இல் தொழில்சார் ஒழுங்கீனம் என அறிவித்தது. பெற்றோர் அத்தகைய சிகிச்சையைத் தேடி அலைய வேண்டாம்.

செவிலியரிடம் மறைக்கக் கூடாதவையும் உண்டு. ஹார்மோன் மருந்து எடுப்பவராயின் அதன் பெயரையும் அளவையும் கூறுங்கள். ஈஸ்ட்ரோஜன் இரத்தம் உறையும் வாய்ப்பை உயர்த்தக்கூடும்; அறுவை சிகிச்சைக்குப் பின் படுக்கையிலேயே இருக்க நேரிடும்போது இது மிக முக்கியம். கருப்பை அகற்றப்படாத திருநம்பிக்கு, டெஸ்டோஸ்டிரோனால் மாதவிடாய் நின்றிருந்தாலும், கருவுறும் வாய்ப்பு உண்டு. வயிற்றுவலியுடன் வருபவர் இதனைக் கூறாவிடில் நோயறிதல் தாமதமாகும். பாலின உறுதிப்பாட்டு அறுவைக்குப் பின்னரும் திருநங்கையரின் உடலில் பொதுவாகப் புராஸ்டேட் சுரப்பி இருக்கும். சிறுநீர்த் தொல்லை இருந்தால் நினைவூட்டுங்கள். இவற்றைத் திரைக்குப் பின்னால், தனியே கூற விரும்புவதாகக் கேட்கலாம்.

மாறாக, கை முறிவுக்குக் கட்டுப் போட வந்தவரிடம் அந்தரங்க உறுப்புகளைப் பற்றிக் கேட்க வேண்டிய தேவை இல்லை. "இக்கேள்வி என் சிகிச்சைக்கு எவ்வாறு தேவைப்படுகிறது?" என்று பணிவுடன் வினவ உங்களுக்கு உரிமை உண்டு.

உடனிருப்பவர் இரத்த உறவினராகவே இருக்க வேண்டும் என்பதில்லை. மனநலச் சிகிச்சையில், 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டப்படி, வயது வந்த எவரையும், அவர் இசைந்தால், உங்கள் நியமனப் பிரதிநிதியாக எழுத்து மூலம் குறிப்பிடலாம். துணைவரும் அவ்வாறு ஆகலாம்.

குறை ஏற்பட்டால் முதலில் வார்டின் செவிலியர் கண்காணிப்பாளரிடமும், தீராவிடில் நிலைய மருத்துவ அலுவலரிடமும் தெரிவியுங்கள். நாள், நேரம், வார்டு எண் ஆகியவற்றைக் குறித்து எழுத்து மூலம் அளிப்பது நன்று. தமிழ்நாட்டில் 104 என்ற எண்ணிலும் அழைக்கலாம்.