வெள்ளோட்டத்துக்கு முன்பே எழுதப்படும் தாள்

மட்டாஞ்சேரி ஜூ டவுன் தெருவில் மிளகு மூட்டையைக் கண்ணை மூடிக்கொண்டு வாங்குபவர் யாரும் இல்லை. குத்தூசியை மூட்டையில் செருகி ஒரு பிடி மிளகு எடுப்பார்கள். லிட்டர் படியில் நிரப்பி எடை பார்ப்பார்கள். ஈரம் எவ்வளவு, பொக்கு எவ்வளவு, தூசி தும்பு எவ்வளவு என்று கணக்கிடுவார்கள். லிட்டருக்கு இத்தனை கிராம் நிற்க வேண்டும், ஈரம் இதற்கு மேல் போகக் கூடாது என்பது மூட்டை பிரிப்பதற்கு முன்பே இரு தரப்புக்கும் தெரியும். மூட்டையைப் பிரித்து மிளகைக் கையில் வைத்துக்கொண்டு, "எவ்வளவு இருந்தால் நல்ல சரக்கு?" என்று அப்போது பேசத் தொடங்கினால் வியாபாரம் நடக்காது. சண்டைதான் நடக்கும்.

இதே காரியத்தைப் பெரிய அளவில் செய்கிறார்கள், சற்றுத் தள்ளி எர்ணாகுளம் கரையில் உள்ள கொச்சி கப்பல் கட்டும் தளத்தில். கம்ப்யூட்டர் கம்பெனிகளில் இதற்கு டெஸ்ட் பிளான் என்றும் டெஸ்ட் கேஸ் என்றும் பெயர். எதை எதை, எந்த வரிசையில், யார் சோதிப்பது என்று எழுதுவது சோதனைத் திட்டம். அதில் உள்ள ஒவ்வொரு சோதனைக்கும் தனியாக எழுதுவது சோதனைத் தாள். பெயர்தான் புதிது. புதுத் தேர் செய்தால் சுவாமியை எழுந்தருளச் செய்வதற்கு முன் வெள்ளோட்டம் விடுவது நம் ஊர் வழக்கம். சக்கரம் ஓடுகிறதா, முட்டுக்கட்டைக்கு நிற்கிறதா, வீதி முனையில் திரும்புகிறதா என்று பார்த்த பிறகுதான் திருவிழா.

கட்டி வைத்துவிட்டு இழுத்தால்

விமானந்தாங்கிக் கப்பல் விக்ராந்த் கொச்சியில் கட்டப்பட்டது. நீளம் 262 மீட்டர், அகலம் 62 மீட்டர். எடை சுமார் 43,000 டன். உள்ளே சுமார் 2,200 அறைகள். ஏறக்குறைய 1,600 பேர் அதில் வாழ வேண்டும். செலவு சுமார் 20,000 கோடி ரூபாய். 2009 பிப்ரவரியில் அடிக்கட்டை வைத்தார்கள். 2013 ஆகஸ்டில் நீரில் இறக்கினார்கள். ஆனால் முதன்முதலாகக் கடலுக்குப் போனது 2021 ஆகஸ்ட் 4-ல்தான்.

"கப்பல் தண்ணீரில் மிதந்துவிட்டதே, இன்னும் என்ன தாமதம்?" என்று அந்நாட்களில் கேட்டவர்கள் உண்டு. மிதப்பது ஒரு சோதனைதான். அதற்குப் பிறகு எத்தனையோ இருக்கின்றன.

கப்பல் தளங்களில் சாதாரணமாக நடக்கும் இரண்டைச் சொன்னால் விஷயம் விளங்கும். தொட்டிகளையும் அறைகளையும் பற்ற வைத்து முடித்ததும், உள்ளே காற்றை அடைத்து வெளியே தையல் நெடுகச் சோப்பு நீர் தடவுவார்கள். குமிழி வந்தால் அந்த இடம் ஒழுகுகிறது. வெல்டர் மீண்டும் வர வேண்டும். சைக்கிள் கடையில் டியூபைத் தண்ணீரில் அமுக்கிப் பார்ப்பதற்கும் இதற்கும் அதிக வித்தியாசம் இல்லை. ஆனால் எவ்வளவு அழுத்தம், எவ்வளவு நேரம் என்பது முன்கூட்டியே தாளில் இருக்கும். அது இல்லாவிட்டால் அவசரக்காரர் அரைக் காற்றை அடைத்துவிட்டு "ஒழுகவில்லை" என்று கையெழுத்துப் போட்டுவிடுவார்.

இன்னொன்று சாய்வுச் சோதனை. எடை தெரிந்த பாரங்களைக் கப்பலின் மேல்தளத்தில் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் நகர்த்துவார்கள். உள்ளே நீளமான கயிற்றில் தொங்கும் தூக்குக்குண்டு எவ்வளவு விலகுகிறது என்று அளப்பார்கள். அதிலிருந்து கப்பலின் பாரமையம் எங்கே என்று கணக்குப் போடலாம். வரைபடக்காரர் முன்பே சொன்ன எண்ணும் இந்த எண்ணும் பொருந்த வேண்டும். பொருந்தாவிட்டால் எங்கோ கணக்கில் இல்லாத இரும்பு ஏறியிருக்கிறது என்று பொருள்.

கடலில் நான்கு முறை

விக்ராந்தின் சோதனைகளில் வரிசைதான் கவனிக்கத்தக்கது. 2020 நவம்பர் 30-ல் துறைமுகச் சோதனை முடிந்தது. கப்பல் துறையிலேயே நிற்க, அதன் நான்கு எரிவாயுச் சுழலிகளையும் உந்து அச்சுகளையும் இயக்கிப் பார்த்தார்கள். நான்குக்கும் சேர்த்து 88 மெகாவாட் சக்தி. கரையோடு நிற்கும்போது பழுது வந்தால் மெக்கானிக் நடந்தே வருவார். நடுக்கடலில் வந்தால் இழுவைக் கப்பல் வர வேண்டும்.

அது தேறிய பிறகே ஃபோர்ட் கொச்சி அழிமுகத்தைத் தாண்டியது. 2021 ஆகஸ்டில் ஐந்து நாள் முதல் ஓட்டம். கப்பலின் உடல், உந்து இயந்திரம், மின்சார உற்பத்தி, துணைக் கருவிகள் ஆகியவை சோதிக்கப்பட்டன. அக்டோபர் 24-ல் தொடங்கிய இரண்டாவது ஓட்டத்தில் இயந்திரச் சோதனைகள் மேலும் கடுமையாயின. 2022 ஜனவரி 9-ல் மூன்றாவது ஓட்டம். கப்பலைப் பலவாறு திருப்பியும் வளைத்தும் அது எப்படி நடந்துகொள்கிறது என்று பார்த்தார்கள். விசாகப்பட்டினத்து ஆராய்ச்சிக்கூட விஞ்ஞானிகளும் உடன் சென்றார்கள். ஜூலையில் முடிந்த நான்காவது ஓட்டத்தில்தான் பெரும்பாலான கருவிகளை ஒன்றாகச் சேர்த்து இயக்கினார்கள். ஜூலை 28-ல் கப்பல் கடற்படையிடம் ஒப்படைக்கப்பட்டது. செப்டம்பர் 2-ல் பணியில் சேர்ந்தது.

போர் விமானம் இறங்கியது எப்போது? 2023 பிப்ரவரி 6-ல். பகலில் இறங்கிப் பார்த்த பிறகு, மே மாதத்தில் மிக்-29கே இரவில் இறங்கியது. விமானம் இறங்குவதற்காகவே கட்டிய கப்பலில் அந்தச் சோதனை கடைசியில் வருகிறது. எந்தச் சோதனை தவறினால் உயிர்ச்சேதம் அதிகமோ, அதற்கு முன்னால் வர வேண்டியவை எல்லாம் தேறியிருக்க வேண்டும் என்பது காரணம்.

நாமக்கல் மண்ணும் விழுப்புரத்துக்காரரும்

எல்லாம் சரியாக நடந்தால் எப்படி இருக்கும் என்று மட்டும் சோதித்தால் போதாது. இதற்கு நம்மவர் பங்குள்ள ஓர் உதாரணம் உண்டு.

2019 செப்டம்பர் 7-ல் சந்திரயான்-2 அனுப்பிய இறங்குகலம் நிலவில் மோதி நொறுங்கியது. இறங்கும் வேகத்தைக் குறைக்கும் கட்டத்தில் இயந்திரங்களின் உந்துவிசை எதிர்பார்த்ததைவிட அதிகமாகிவிட்டது. பிழை சேர்ந்துகொண்டே போனது. அதைத் திருத்திக்கொள்ளும் இடம் கலத்துக்குப் போதவில்லை. இறங்க ஒதுக்கிய நிலமோ அரை கிலோமீட்டருக்கு அரை கிலோமீட்டர்தான்.

அடுத்த முறை பொறுப்பேற்ற திட்ட இயக்குநர் வீரமுத்துவேல் விழுப்புரத்துக்காரர். ரயில்வே தொழில்நுட்பப் பணியாளரின் மகன். ரயில்வே பள்ளியில் படித்தவர். இந்தத் தடவை இஸ்ரோ கேள்வியையே மாற்றியது. "வெற்றி பெற என்ன வேண்டும்?" என்று கேட்பதை விட்டு, "எது எது கெடலாம், கெட்டால் என்ன செய்வது?" என்று கேட்டார்கள். உணர்கருவி பழுதானால்? இயந்திரம் நின்றுபோனால்? வேகம் கூடிப்போனால்? ஒவ்வொரு கேள்விக்கும் சோதனை வைத்தார்கள். உணர்கருவிகளை ஹெலிகாப்டரில் கட்டிப் பறந்து பார்த்தார்கள். கலத்தை கிரேனில் தொங்கவிட்டு இயந்திரங்களை எரித்துப் பார்த்தார்கள். கால்களை உயரத்திலிருந்து போட்டுப் பார்த்தார்கள். வினாடிக்கு 2 மீட்டர் வேகத்தில் தரையைத் தொட்டாலும் தாங்கும் என்றிருந்த கால்களை 3 மீட்டருக்குத் தாங்கும்படி வலுப்படுத்தினார்கள். இறங்கும் நிலத்தை நான்கு கிலோமீட்டருக்கு 2.4 கிலோமீட்டர் என்று விரித்தார்கள். 2023 ஆகஸ்ட் 23 மாலை சந்திரயான்-3 பத்திரமாக இறங்கியது.

சந்திரயான்-2 காலத்துச் சோதனைகளுக்கு நிலவு மண் வேண்டியிருந்தது. நாமக்கல் மாவட்டம் சித்தம்பூண்டி, குன்னமலைப் பகுதிப் பாறை நிலவின் மேட்டு நிலப் பாறையைப் போன்றது. அதைப் பொடித்து, சேலம் பெரியார் பல்கலைக்கழகத்தார் உதவியோடு சுமார் 50 டன் கொடுத்தார்கள். சோதனைத் திட்டம் எழுதும்போது "எந்தத் தரையில்?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார் பாருங்கள்! சிமென்ட் தரையில் கலம் நன்றாக நின்றது என்று எழுதி வைத்து என்ன பயன்?

அந்தக் கேள்வியைக் கேட்காமல் விட்டதால் கெட்டதும் உண்டு. 1996 ஜூன் 4-ல் ஐரோப்பியர்களின் ஏரியான்-5 ராக்கெட், முதல் பயணத்திலேயே, புறப்பட்ட சுமார் நாற்பது வினாடியில் வெடித்தது. ஏரியான்-4 ராக்கெட்டில் நன்றாக ஓடிய கணினி நிரல்தான் அதில் இருந்தது. புதிய ராக்கெட்டின் பக்கவாட்டு வேகம் அதிகம். அந்த எண் நிரலின் பெட்டிக்குள் அடங்கவில்லை. புதிய பாதையின் எண்களைக் கொடுத்துத் தரையில் ஒரு முறை ஓட்டிப் பார்த்திருந்தால் பிழை தெரிந்திருக்கும் என்று விசாரணைக் குழு கண்டது. பழையது நன்றாக ஓடியது என்ற நம்பிக்கையில் அந்த ஒரு தாள் எழுதப்படவில்லை.

டிக்கெட் கவுண்டரை வைத்துப் பார்த்தால்

காக்கநாடு இன்ஃபோபார்க் போன்ற இடங்களில் கணினி நிரல்களைச் சோதிப்பதே ஒரு தொழில். நம்மவர் பிள்ளைகளும் இந்த வேலைக்குப் போகிறார்கள். பெற்றோருக்கு அது என்ன வேலை என்று புரிவதில்லை. ரயில் முன்பதிவை வைத்துச் சொன்னால் புரியும்.

சோதனைத் தாளில் எண் இருக்கும். எந்த நிலையில் தொடங்குவது, என்ன செய்வது, என்ன விடை வர வேண்டும், என்ன விடை வந்தது, யார், எந்தத் தேதியில் என்று கட்டங்கள் இருக்கும். இதில் உயிர்நாடி "என்ன விடை வர வேண்டும்" என்ற கட்டம். அதை முன்பே நிரப்ப வேண்டும். விடையைப் பார்த்துவிட்டு நிரப்பினால், வந்ததே சரி என்று மனம் சொல்லிவிடும். ரொக்கத்தை எண்ணிவிட்டுக் கணக்கை அதற்குத் தக்கபடி எழுதுகிற கதைதான்.

ஐந்து வயது நிறையாத குழந்தைக்கு டிக்கெட் வேண்டாம். ஐந்து முதல் பன்னிரண்டு நிறையும் வரை, படுக்கை கேட்காவிட்டால் அரைக் கட்டணம், கேட்டால் முழுக் கட்டணம். இதைச் சோதிக்க எட்டு வயது, ஒன்பது வயது என்று இருபது தாள் எழுதுபவர் உழைப்பாளி, ஆனால் வீண் உழைப்பாளி. 4, 5, 11, 12 ஆகிய நான்கு வயதை எழுதி, படுக்கையோடும் படுக்கை இல்லாமலும் பார்த்தால் போதும். பிழை வரம்பில்தான் பதுங்கியிருக்கும். ஒரு விண்ணப்பத்தில் ஆறு பேர் என்றால் ஆறையும் ஏழையும் போட்டுப் பார்க்க வேண்டும். ஒருவருமே இல்லாத விண்ணப்பத்தையும் போட வேண்டும். கவுண்டரில் உட்கார்ந்தவர்களுக்கு அப்படிப்பட்ட விண்ணப்பமும் வருவது தெரியும்.

பிறகு கெட்டுப்போகும் நேரங்கள். பணம் பிடித்தாயிற்று, டிக்கெட் அச்சாகும் முன் இணைப்பு அறுந்தது. என்ன நடக்க வேண்டும்? கடைசி ஒரு படுக்கையை எர்ணாகுளத்தில் ஒருவரும் சென்னையில் ஒருவரும் ஒரே நொடியில் கேட்கிறார்கள். யாருக்குப் போக வேண்டும்? இவற்றுக்கு விடை எழுத உட்காரும்போதே, விதியிலேயே விடை இல்லை என்பது சில சமயம் தெரியவரும். நிரல் எழுதுமுன் அது தெரிந்தால் செலவு ஒரு காகிதம்தான்.

2024 நவம்பர் 1 முதல் முன்பதிவுக் காலம் 120 நாளிலிருந்து 60 நாளாகக் குறைந்தது. எண்ணை மாற்றுவது ஒரு நிமிட வேலை. சோதனைத் தாள்களோ மொத்தமாக மாறும். 119, 120, 121-க்கு எழுதியவை போய், 59, 60, 61-க்கு எழுத வேண்டும். மாறாதவற்றையும் மீண்டும் பார்க்க வேண்டும். வெளிநாட்டுச் சுற்றுலாப் பயணிகளுக்கு 365 நாள் அப்படியே இருந்தது. குறைந்த முன்பதிவுக் காலமுள்ள சில பகல் வண்டிகளுக்கும் மாற்றம் இல்லை. அக்டோபர் 31 வரை 120 நாள் கணக்கில் எடுத்த டிக்கெட்டுகள் செல்லும். அவர்களில் ஒருவர், எழுபது நாள் கழித்துப் போக வேண்டிய பயணத்தை நவம்பர் முதல் வாரத்தில் ரத்து செய்ய கவுண்டருக்கு வருகிறார். அவருக்கும் ஒரு தாள் எழுதியிருக்க வேண்டும்.