கடைசி ஊசி எப்போது போட்டீர்கள்?

கருத்தடை மாத்திரையை நிறுத்தி இரண்டு மாதம்கூட ஆகியிருக்காது, "விசேஷம் ஏதாவது உண்டா?" என்று கேட்க ஆள் வந்துவிடும். மூன்றாவது மாதமும் தலைக்குக் குளித்துவிட்டால், "அந்த மாத்திரை கர்ப்பப்பையைக் கெடுத்துடும்னு அப்பவே சொன்னேன்" என்பார் மாமியார்.

கெடுக்காது. மாத்திரையின் ஹார்மோன் சில நாட்களில் உடம்பை விட்டுப் போய்விடும். எத்தனை வருடம் சாப்பிட்டாலும் உள்ளே தேங்காது. நிறுத்தியவர்களில் 100-க்கு 80 பேருக்கு மேல் ஓராண்டுக்குள் கருத்தரிக்கிறார்கள். மாத்திரையைத் தொடாதவர்களின் கணக்கும் ஏறத்தாழ இதுதான்.

பிறகு ஏன் சிலருக்கு மாதவிலக்கு தாறுமாறாகிறது? அரசு மருத்துவமனையில் இலவசமாகக் கொடுக்கும் மாலா-என் அட்டையைத் திருப்பிப் பாருங்கள். மொத்தம் 28 மாத்திரை. வெள்ளையான 21-ல்தான் ஹார்மோன் இருக்கிறது. பழுப்பான 7 வெறும் இரும்புச்சத்து. அந்த ஏழு நாளில் வரும் ரத்தப்போக்கு ஹார்மோன் நின்றதால் வருவது. கருமுட்டை வெளியானதற்கு அது அடையாளம் அல்ல. தேதி தவறாமல் வருகிறதே என்று நிம்மதியாக இருந்திருப்போம். முன்பே நீர்க்கட்டி இருந்திருந்தால் அதை அட்டை மூடிவைத்திருக்கும். நிறுத்தியதும் பழைய தொந்தரவு தலைகாட்டும், பழி மாத்திரை மேல் விழும். 3 மாதமாகியும் மாதவிலக்கு வராவிட்டால் முதலில் கர்ப்பப் பரிசோதனை செய்துவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

காப்பர்-டியில் ஹார்மோனே கிடையாது. ஹார்மோன் வளையமானாலும் எடுத்தவுடன் முயற்சி செய்யலாம்.

ஊசி சங்கதி வேறு. 2017 முதல் 'அந்தரா' என்ற பெயரில் அரசு இலவசமாகப் போடும் ஊசி இது, 3 மாதத்துக்கு ஒன்று. தசையில் தங்கி மெல்ல மெல்லக் கசியும் மருந்து. வேண்டாமென்று எடுத்துப்போட முடியாது. கடைசி ஊசியிலிருந்து எண்ணினால் கருத்தரிக்கச் சராசரியாக 7 முதல் 10 மாதம் ஆகிறது, சிலருக்கு அதற்கும் மேல். இது மலடாக்கும் ஊசி அல்ல. ஆனால் அடுத்த வருடமே குழந்தை வேண்டும் என்றிருப்பவருக்கு ஏற்றதும் அல்ல. இதைப் போடுவதற்கு முன்பே கேட்டுத் தெரிந்துகொள்வது உங்கள் உரிமை. கூட்டம் நெரியும் ஓ.பி.யில் "மூணு மாசம் கவலையில்லை"யோடு பேச்சு முடிந்துவிடுவதுதான் என் வருத்தம். விவரம் கேட்க 104-ஐ அழைக்கலாம்.

இந்தத் தாமதம் தெரியாமல் ஊசி போட்டுக்கொண்டவர்தான் நாலாவது மாதமே பதறி, 'கர்ப்பப்பையைச் சுத்தம் செய்கிறோம்' என்பவர்களிடமும், முட்டை வளர மாத்திரையைச் சீட்டில்லாமல் நீட்டும் மருந்துக்கடையிலும் போய் நிற்கிறார். ஊசி மருந்து ஒன்றும் அழுக்கல்ல, கழுவி எடுக்க. முட்டை வளரும் மருந்தை ஸ்கேன் கண்காணிப்பில்லாமல் சாப்பிட்டால் இரட்டைக் கரு, சினைப்பை வீக்கம் என்று வேறு வம்பு வரும்.

35 வயதுக்குக் கீழ் ஓராண்டும், அதற்கு மேல் 6 மாதமும் முயன்று பார்த்துவிட்டு மருத்துவரிடம் போவது வழக்கம். ஃபோலிக் அமிலம் தினம் 400 மைக்ரோகிராம் முயற்சிக்கு முன்பே தொடங்கலாம். கணவரின் விந்துப் பரிசோதனையும் முதல் நாளிலேயே நடக்கட்டும். மனைவிக்குப் பத்து டெஸ்ட் எடுத்த பிறகு அவரை அழைப்பது என்ன நியாயம்?

செயற்கைக் கருத்தரிப்பு வரை போனால், 2021-ஆம் ஆண்டுச் சட்டப்படி அந்த மையம் பதிவு பெற்றிருக்க வேண்டும். வெற்றி வாய்ப்பு, செலவு, பக்கவிளைவு, பல கரு தங்கும் ஆபத்து எல்லாவற்றையும் முன்கூட்டியே சொல்லி, எழுத்தில் சம்மதம் வாங்க வேண்டும். புகாரைக் கேட்க மையத்திலேயே ஏற்பாடு இருக்க வேண்டும். அங்கே நியாயம் கிடைக்காவிட்டால், கட்டணம் வாங்கிய இடத்தின் மேல் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 2 ஆண்டுக்குள் வழக்குப் போடலாம். சிகிச்சைப் பதிவுகளைக் கேட்டால் 72 மணி நேரத்தில் தர வேண்டும் என்பது மருத்துவர்களுக்கான நெறிமுறை விதி.

ஊசி போட்டவர்கள் மருத்துவரிடம் போகும்போது அந்தரா அட்டையைப் பையில் எடுத்துவையுங்கள். கடைசி ஊசியின் தேதி அதில் இருக்கும். பத்து டெஸ்டுக்கு முன்னால் அவர் பார்க்க வேண்டியது அதைத்தான்.