கேட்கிறவரைப் பாரு கண்ணு!

தாராபுரத்தில் கொஞ்சம் வயதானவர்களிடம் பழைய படத்தைப் பற்றிப் பேச்செடுத்தால், “நாகேஷ் நம்மூர்க்காரருங்க” என்றுதான் ஆரம்பிப்பார்கள். 1933-ல் இங்கே பிறந்து, சென்னைக்குப் போய் ரயில்வேயில் குமாஸ்தா வேலை பார்த்து, நாடகம் வழியாக சினிமாவுக்குள் நுழைந்தவர். என் அப்பாவும் அப்படித்தான் ஆரம்பிப்பார். அமராவதி வாய்க்காலில் தண்ணீர் வந்ததா, உரம் வாங்கியாச்சா என்பதைத் தாண்டிப் பிள்ளைகளிடம் அதிகம் பேசாத அப்பா, பழைய படம் ஓடும்போது மட்டும் வேறு ஆளாகிவிடுவார்.

எங்கள் வீட்டில் அதிகம் ஓடிய படம் 1964-ல் ஸ்ரீதர் இயக்கிய ‘காதலிக்க நேரமில்லை’. எஸ்டேட் முதலாளி விஸ்வநாதனாக டி.எஸ்.பாலையா, ‘ஓஹோ புரொடக்‌ஷன்ஸ்’ ஆரம்பித்து, படமெடுக்கப் பணம் கேட்டு நச்சரிக்கும் மகன் செல்லப்பாவாக நாகேஷ். அந்த மகன் அப்பாவுக்குப் பேய்க்கதை சொல்லும் காட்சி தமிழர்களுக்கு மனப்பாடம். எல்லோரும் அதை நாகேஷுக்காகப் பார்ப்பார்கள். அப்பா சொன்னது வேறு.

“கதை சொல்றவரப் பாக்காத கண்ணு, கேக்கறவரப் பாரு!”

பார்த்தேன். நாகேஷ் வாயாலேயே சத்தம் எழுப்புகிறார், குரலை இறக்குகிறார், திடீரென்று அலறுகிறார். பாலையாவுக்கு வசனமே இல்லை என்று சொல்லிவிடலாம். கண் விரிகிறது, உடம்பு சுருங்குகிறது, முதலாளித் தோரணை கொஞ்சம் கொஞ்சமாக உதிர்ந்து, சின்னப் பிள்ளையாய் மிரண்டுபோய் உட்கார்ந்திருக்கிறார். உருப்படாத மகன் என்று நினைத்திருந்தவர், கதை முடிவதற்குள் அவனுக்கு முழுசாகக் காது கொடுத்துவிட்டார். ‘பாசம்’ என்ற சொல் தலைகாட்டாமலே அப்பா-பிள்ளை உறவை இவ்வளவு நெருக்கமாகக் காட்டிய காட்சி தமிழ் சினிமாவில் வேறில்லை என்பேன்.

1967-ல் கே.பாலசந்தரின் ‘பாமா விஜயம்’ படத்திலும் பாலையாவுக்கு நாகேஷ் மகன்தான். ‘திருவிளையாடல்’, ‘தில்லானா மோகனாம்பாள்’ இரண்டிலும் இருவரும் இருக்கிறார்கள். எந்தப் படத்தில் யார் என்ன வேஷம் என்று எங்கள் வீட்டில் போட்டியே நடக்கும். ஹேமநாத பாகவதரையும் தருமியையும் நான் சொன்னால், தவில்காரரையும் வைத்தியையும் அப்பா சொல்லி முடிப்பார்.

ஒருநாள் கேட்டேன்: “‘காதலிக்க நேரமில்லை’ படத்த மொதல்ல எங்கீங்கப்பா பாத்தீங்க?”

“டூரிங் கொட்டாயிலதான் கண்ணு.”

அப்புறம் நிறுத்தவே இல்லை. எங்கள் அப்பாருவுக்கு, அதாவது அப்பாவின் அப்பாவுக்கு, சினிமா என்றாலே ஆகாதாம். கட்டுத்தரையில் மாட்டுக்குத் தீனி போட்டுவிட்டு, எல்லோரும் தூங்கினபிறகு அப்பா ரெண்டாவது ஆட்டத்துக்கு ஓடுவாராம். தரை டிக்கெட். மணலைக் குவித்து அதன்மேல் உட்கார்ந்தால் முன்னால் இருப்பவர் தலை மறைக்காது. ஒரே புரொஜெக்டர் என்பதால் ரீல் மாற்றும்போதெல்லாம் இடைவேளை. அந்தச் சின்னச் சின்ன இடைவேளைகளில் முறுக்கும் கடலையும் விற்கும். திரும்பி வந்து மாட்டிக்கொண்டு அப்பாருவிடம் அடி வாங்கியதையும் சொன்னார். தன் அப்பாவைப் பற்றி அவர் என்னிடம் அவ்வளவு பேசியது அன்றைக்குத்தான்.

எங்கள் கொங்குநாட்டுக்கு சினிமா வெளியூர்ச் சரக்கு இல்லை. எம்.ஜி.ஆர். கதாநாயகனான முதல் படம் ‘ராஜகுமாரி’ 1947-ல் கோவை சென்ட்ரல் ஸ்டுடியோவில் உருவானது. 1954-ன் ‘மலைக்கள்ளன்’ கோவை பட்சிராஜா ஸ்டுடியோ எடுத்தது. ‘காதலிக்க நேரமில்லை’ படத்துக்கே பொள்ளாச்சி பக்கத்து ஆழியாறில் படப்பிடிப்பு நடந்தது. திரையில் தெரிகிற மலையும் அணையும் தன் மண் என்று அப்பா சொல்லும்போது குரலில் ஒரு கர்வம் இருக்கும்.

2009 ஜனவரி 31-ல் நாகேஷ் காலமானார். அன்றைக்கு அப்பா தோட்டத்துக்குப் போகவில்லை.

உங்கள் வீட்டிலும் அதிகம் பேசாத அப்பா இருந்தால், இந்த ஞாயிற்றுக்கிழமை அவர் காலத்துப் படம் ஒன்றைப் போடுங்கள். செல்போனைத் தள்ளி வையுங்கள். எந்தக் கொட்டகையில் பார்த்தார், யாரோடு போனார், வீட்டில் என்ன சொல்லிவிட்டுப் போனார் என்று கேளுங்கள். நம் ஊர்களில் இருந்த டூரிங் கொட்டகைகள் பலவற்றின் பெயர் இன்று அந்தத் தலைமுறையின் நினைவில் மட்டும்தான் இருக்கிறது. அவர் சொல்வதை ஒரு நோட்டில் எழுதியும் வையுங்கள்.