யாருமில்லாத காடா அது?

பேருந்தை விட்டு இறங்கியதும், வழி தவறி ஜெர்மனிக்கு வந்துவிட்டேனோ என்று திகைத்தேன். முக்கியச் சாலையின் பெயர் ஹிண்டன்பர்க். கூட்டுறவுப் பேரங்காடியில் எங்கும் ஜெர்மன் பேச்சு. ஆனால் நான் நின்றதோ தென்னமெரிக்காவின் பராகுவே நாட்டில். தலைநகர் ஆசுன்சியோனிலிருந்து சுமார் 450 கிலோமீட்டர் தள்ளி, சாக்கோ எனும் முட்காட்டின் நடுவே இருக்கும் ஃபிலடெல்ஃபியாவில்.

இதைக் கட்டியவர்கள் மென்னோனைட்டுகள். ஆயுதம் ஏந்த மறுக்கும் கிறிஸ்தவப் பிரிவினர். பள்ளிகளில் ஆங்கிலம் திணிக்கப்பட்டதால் ஒரு கூட்டம் 1927இல் கனடாவிலிருந்து வந்து குடியேறியது. ஸ்டாலின் ஆட்சிக்குத் தப்பி இன்னொரு கூட்டம் 1930இல் வந்தது. இரண்டாம் உலகப் போரில் வீடிழந்தவர்கள் 1947இல் வந்தார்கள். ராணுவச் சேவை கிடையாது, சொந்த மொழியில் பள்ளி நடத்தலாம் என்று பராகுவே 1921இலேயே சட்டம் போட்டு அழைத்திருந்தது. காய்ச்சலுக்கும் வறட்சிக்கும் பிள்ளைகளைப் பறிகொடுத்தபடியேதான் அவர்கள் இந்த மண்ணில் வேரூன்றினார்கள். இன்று நாட்டின் பாலில் கணிசமான பங்கு இங்கிருந்து போகிறது.

அந்த உழைப்பைக் கண்டு வியந்தபடி நடந்தபோதுதான், சாலையோர மரநிழலில் அந்த மூதாட்டியைப் பார்த்தேன். காட்டுச் செடியின் நாரை முறுக்கிப் பை பின்னிக்கொண்டிருந்தார். அயோரியோ இனத்தவர். பக்கத்தில் இருந்த பேரன் அவர் பேசியதை ஸ்பானிய மொழியில் சொன்னான். நகரம் இருக்கும் இடத்தைச் சுட்டி, “இங்கெல்லாம் காடுதான் இருந்தது” என்றாராம்.

யாருமில்லாத நிலம் என்றுதான் வந்தவர்களிடம் சொல்லப்பட்டது. ஆனால் என்லெட், நிவக்லே, அயோரியோ மக்கள் அங்கே தலைமுறை தலைமுறையாக வேட்டையாடி, தேன் எடுத்து, நீர் கிடைக்கும் இடம் தேடி நகர்ந்துகொண்டே வாழ்ந்தவர்கள். ஓரிடத்தில் வீடு கட்டாததால், அவர்கள் அங்கே வாழ்ந்ததே கணக்கில் வரவில்லை.

என்லெட் மக்கள் புதியவர்களுடன் மோதவில்லை. ஆனால் 1932இல் பொலிவியாவுடன் தொடங்கிய போரும், அதே காலத்தில் பரவிய பெரியம்மையும் அவர்களை நசுக்கின. எஞ்சியவர்கள் குடியேறிகளின் பண்ணைகளில் கூலிகளானார்கள். அயோரியோ மக்களோ ஈட்டியுடன் எதிர்த்தார்கள். இருபுறமும் உயிர்கள் போயின. பிறகு சமயப் பணியாளர்கள் அவர்களைக் காட்டிலிருந்து வெளியே கொண்டுவந்தார்கள். 1986இல் நடந்த அப்படி ஒரு முயற்சியில் ஐந்து பேர் இறந்தனர். 2004இல் 17 பேர், காடு சுருங்கியதால் தாங்களாகவே வெளியே வந்தார்கள். இன்னும் சிலர் உள்ளேயே மறைந்து வாழ்கிறார்கள். அமேசானுக்கு வெளியே தென்னமெரிக்காவில் எஞ்சியிருக்கும் கடைசித் தொடர்பற்ற மக்கள் அவர்கள்தான்.

மென்னோனைட்டுகளை வில்லன்களாக்கிவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை. பழங்குடியினருக்காக நிலம் வாங்கியிருக்கிறார்கள், பள்ளியும் மருத்துவமும் தந்திருக்கிறார்கள். என்லெட், நிவக்லே மக்களில் பலர் இன்று அவர்களின் வட்டார ஜெர்மனைச் சரளமாகப் பேசுகிறார்கள். ஆனால் காலையில் கூலி வேலைக்குக் காத்து நிற்பவர் யார், வண்டியில் வந்து ஏற்றிச் செல்பவர் யார் என்று பார்த்தால், உறவின் ஏற்றத்தாழ்வு புரிந்துவிடும். மாட்டுப் பண்ணைகளுக்காகக் காடழிப்பும் நிற்கவில்லை. அதில் பிரேசில் முதலாளிகளுக்கும் பங்குண்டு.

அயோரியோவில் ஒரு பிரிவினர் தங்கள் நிலத்தைக் கேட்டு 1993இல் மனு கொடுத்தார்கள். 2016இல் அமெரிக்க நாடுகளின் மனித உரிமை ஆணையம், காட்டில் இருப்பவர்களைப் பாதுகாக்கும்படி பராகுவேயைக் கேட்டுக்கொண்டது. புல்டோசர்களின் சத்தம் இன்னும் ஓயவில்லை.

அகதியாய் வந்தவனுக்கும் ஒரு நிலம் வேண்டும்தான். அந்த நிலத்தில் ஏற்கெனவே ஒருவர் இருந்தால்?

கிளம்பும்போது மூதாட்டியிடம் ஒரு பை வாங்கினேன். அதிலிருந்த கோலங்கள் ஒவ்வொன்றும் ஒரு குலத்தின் அடையாளமாம். நாருக்கான செடி இப்போது எங்கே கிடைக்கிறது என்று கேட்டேன். வேலிக்கு அப்பால் கையைக் காட்டினார். அங்கே போக, பண்ணைக்காரரிடம் அனுமதி கேட்க வேண்டும்.