மூன்று கல் அடுப்பும் ஒடியல் கூழும்

யாழ்ப்பாணத்தில் பிறந்து வளர்ந்த ஒரு உம்மம்மாவிடம் "கூழ்" என்று ஒரு சொல் சொல்லிப் பாருங்கள். முற்றத்து மூன்று கல் அடுப்பு, பனைமட்டைப் புகை, பெரிய பானை, சுற்றிக் குந்தியிருக்கும் பிள்ளைகள் என்று பேச்சு நீண்டுகொண்டே போகும்.

அந்த மூன்று கல்லுக்கு வேறொரு ஞாபகமும் உண்டு. 1990 அக்டோபர் 30ஆம் திகதி, இரண்டு மணி நேரத்தில் வெளியேறும்படி யாழ்ப்பாண முஸ்லிம்களுக்கு விடுதலைப் புலிகள் உத்தரவிட்டார்கள். சோனகத் தெருவும் ஐந்து சந்தியும் ஒரே நாளில் வெறிச்சோடின. அம்மியும் பானையும் அப்படியே கிடக்க, புத்தளத்து ஓலைக் கொட்டில்களில் மூன்று கல்லே நம் பெண்களின் குசினி ஆயிற்று. 2002க்குப் பின்னும், யுத்தம் முடிந்த 2009க்குப் பின்னும் சில குடும்பங்கள் திரும்பின. பலர் திரும்பவில்லை. புத்தளத்தில் பிறந்த பிள்ளைகளும் இன்று பிள்ளை பெற்றுவிட்டார்கள். கூழோ எந்த ஏட்டிலும் அளவு எழுதி வைத்த சமையல் அல்ல, உம்மம்மாவின் கையளவுதான். அவர் இருக்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

பத்துப் பேருக்கு ஒடியல் மா கால் கிலோ போதும். பச்சைப் பனங்கிழங்கைக் கிழித்து வெயிலில் காயவைத்தால் ஒடியல். அவித்துக் காயவைத்தால் புழுக்கொடியல். கூழுக்கு வேண்டியது முதலாவது. கடையில் மாறி வாங்கிவிடாதீர்கள். மாவை நிறையத் தண்ணீரில் கரைத்து ஒரு மணி நேரம் வைத்து, மேலே தெளிந்த நீரை ஊற்றிவிடுங்கள். காறல் போகும்.

அடுப்பை வீட்டுச் சுவருக்கும் வேலிக்கும் தள்ளி, காற்றுக்கு மறைவாக மூட்டுங்கள். பானையின் அடியில் சாம்பலைக் குழைத்துப் பூசினால் கரி பிடிக்காது. முந்தானையையும் பர்தாவின் தொங்கலையும் செருகிக்கொள்ளுங்கள். நைலோன் துணி நெருப்புக்கு ஆகாது.

பிஸ்மில்லாஹ் சொல்லி, பாதிப் பானைத் தண்ணீரில் ஒரு பிடி அரிசி, பலாக்கொட்டை, மரவள்ளித் துண்டுகள், பயற்றங்காய் போட்டுக் கொதிக்கவிடுங்கள். அவை அரைவேக்காடு ஆனதும் முக்கால் கிலோ மீனும் கால் கிலோ இறாலும் சேருங்கள். மீன் தலை இல்லாத கூழ் கூழே அல்ல என்பது என் கட்சி! நண்டும் போடுவார்கள், ஆனால் அது ஆகுமா என்பதில் உலமாக்களிடையே கருத்து வேறுபாடு உண்டு, நம்மில் பலர் தவிர்க்கிறோம். இறாலே போதிய ருசி தரும்.

இனி விறகை இழுத்துத் தணலாக்குங்கள். பதினைந்து செத்தல் மிளகாயை மஞ்சளுடன் அரைத்து, எலுமிச்சையளவு புளியையும் உப்பையும் கரைத்து ஊற்றுங்கள். கடைசியில் ஒடியல் மாவைக் கரைத்து விட்டு, அகப்பையால் அடி பிடிக்காமல் துழாவுங்கள். இங்கேதான் அவசரம் கூடாது. ஒடியல் மாவை அரைகுறையாக வேகவைத்துக் குடிப்பது உடம்புக்கு ஆகாது. பச்சை வாடை முழுதாகப் போய், கூழ் தடித்து வரும்வரை நன்றாகக் கொதிக்கட்டும். முருங்கை இலையைப் போட்டு இறக்குங்கள்.

இவ்வளவு மிளகாயா என்று மலைக்காதீர்கள். போர்த்துக்கேயர் காலத்துக்கு முன் நம் பக்கத்தில் மிளகாயே கிடையாது, மிளகுதான் உறைப்பு. அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த செடி அது. அங்கே டெக்சஸ் மாநிலத்தாரும் இறைச்சியையும் காய்ந்த மிளகாயையும் ஒரே பானையில் வேகவைத்து, அதைத் தங்கள் மாநில உணவென்றே 1977இல் அறிவித்துக்கொண்டார்கள்.

கூழைக் கோப்பையில் ஊற்றினால் பாதி ருசி போய்விடும். பனையோலையில் பிளா கோலுங்கள். ஓலை கிடைக்காத ஊரில் பலா இலையை ஈர்க்கால் குத்திக் கரண்டியாக்கலாம். ஸஹனில் சேர்ந்து உண்பதுபோல் எல்லோரும் பானையைச் சுற்றி உட்காரட்டும். சின்னப் பிள்ளைகளுக்கு மட்டும் மிளகாய் சேர்க்குமுன் கொஞ்சம் தனியாக எடுத்து, ஒரு கரண்டி ஒடியல் மா விட்டு வேறு சட்டியில் நன்றாகக் காய்ச்சிக் கொடுங்கள்.