மகளைப் பறிகொடுத்த டைரக்டர் கைநழுவிய படத்தை மீட்டார்!
4 மணி நேரப் படம் வீட்டுக்குள் வந்த கதை

ஒரு டைரக்டர் ஸ்டூடியோவை விட்டு வெளியேறினார். அவர் எடுத்துக்கொண்டிருந்த படம் முடியவில்லை. கையில் ஒரு சிறிய மடிக் கம்ப்யூட்டரை மட்டும் கொண்டு போனார்.

அந்தக் கம்ப்யூட்டருக்குள் 4 மணி நேரப் படம் இருந்தது. நிறம் கிடையாது. வெறும் கறுப்பு-வெள்ளை. தந்திரக் காட்சிகள் அரைகுறை.

4 ஆண்டுகள் கழிந்தன. 2021 மார்ச் 18-ந் தேதி அந்தப் படம் வெளிவந்தது. தியேட்டருக்கு வரவில்லை. நேராக மக்களின் வீட்டுக்குள் வந்தது!

டைரக்டரின் பெயர் ஜாக் ஸ்னைடர். படத்தின் பெயர் "ஜஸ்டிஸ் லீக்".

வீரர்களின் சங்கம்

"ஜஸ்டிஸ் லீக்" என்றால் நீதியைக் காக்கும் சங்கம் என்று பொருள். அமெரிக்காவில் குழந்தைகள் படிக்கும் படக்கதைப் புத்தகங்களில் பிறந்த வீரர்கள் இதில் சேர்ந்திருக்கிறார்கள். வானத்தில் பறக்கும் சூப்பர்மேன் 1938-ல் பிறந்தவர். இரவில் வவ்வால் வேடத்தில் திரியும் பேட்மேன் 1939-ல் பிறந்தவர். வீர மங்கை வொண்டர் உமன் 1941-ல் பிறந்தவள். இவர்களை எல்லாம் ஒரே கதையில் சேர்த்து, 1960-ல் சங்கம் அமைத்தார்கள்.

இந்தச் சங்கத்தைப் பெரிய சினிமாவாக எடுக்க வார்னர் பிரதர்ஸ் கம்பெனி முடிவு செய்தது. ஸ்னைடரிடம் பொறுப்பைக் கொடுத்தது. அவர் 2013-ல் சூப்பர்மேன் கதையை எடுத்தவர். 2016-ல் சூப்பர்மேனையும் பேட்மேனையும் மோத விட்டவர். அந்த ஆண்டே "ஜஸ்டிஸ் லீக்" படப்பிடிப்பு தொடங்கியது. லண்டனுக்கு அருகே உள்ள ஸ்டூடியோவில் எடுத்தார்கள். பனி நாடான ஐஸ்லாந்துக்கும் போனார்கள். படத்தைத் தயாரித்தவர்களில் ஒருவர் ஸ்னைடரின் மனைவி டெபோரா.

எல்லாம் ஒழுங்காகவே நடந்தன என்று சொல்ல முடியாது. முந்தைய படம் இருள் மண்டிக் கிடக்கிறது, சிரிப்பே இல்லை என்று பத்திரிகைகள் குறை கூறியிருந்தன. பட முதலாளிகளுக்குப் பயம் பிடித்துக்கொண்டது. "இந்தப் படத்தில் கொஞ்சம் சிரிப்பு வேண்டும், நீளம் குறைய வேண்டும்" என்று நெருக்கினார்கள். ஸ்னைடர் ஈடுகொடுத்துக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் அந்த இடி விழுந்தது.

மார்ச் மாதத்துத் துயரம்

2017 மார்ச் மாதம். ஸ்னைடரின் மகளுக்கு வயது 20. கல்லூரியில் படித்து வந்தாள். கதை எழுதுவதில் ஆசை உள்ள பெண். மனச் சோர்வுக்கு ஆளாகியிருந்த அவள் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டாள்.

தந்தை நிலைகுலைந்தார். வேலையில் மூழ்கினால் துயரம் ஆறும் என்று எண்ணினார். சில நாள் ஓய்வுக்குப் பிறகு ஸ்டூடியோவுக்குத் திரும்பினார். இரண்டு மாதம் போராடிப் பார்த்தார். முடியவில்லை. வீட்டில் மற்றப் பிள்ளைகள் இருந்தார்கள். அவர்களுக்குத் தகப்பன் வேண்டியிருந்தது.

மே மாதத்தில் கணவனும் மனைவியும் படத்தை விட்டு விலகினார்கள். துயரச் செய்தி அதுவரை வெளியே தெரியாது. அப்போதுதான் ஊருக்கு அறிவித்தார்கள்.

மீசையால் வந்த வினை

படத்தை முடிக்க ஜாஸ் வீடன் என்ற டைரக்டரை அமர்த்தினார்கள். இவர் போட்டிக் கம்பெனிக்காக 2012-ல் "அவெஞ்சர்ஸ்" என்ற வீரர் படத்தை எடுத்து, பணத்தை வாரிக் குவித்தவர்.

வீடன் புதிய வசனம் எழுதினார். பல காட்சிகளைத் திரும்ப எடுத்தார். அங்கேதான் ஒரு வேடிக்கை நடந்தது.

சூப்பர்மேனாக நடித்தவர் ஹென்றி கேவில். படப்பிடிப்பு முடிந்துவிட்டது என்று நினைத்து, அவர் வேறு கம்பெனியின் "மிஷன் இம்பாசிபிள்" படத்தில் நடிக்கப் போய்விட்டார். அந்தப் படத்துக்காக மீசை வளர்த்திருந்தார். சூப்பர்மேனுக்கோ மீசை கிடையாது! "மீசையை எடுக்கக்கூடாது" என்று அந்தக் கம்பெனி கண்டிப்பாகச் சொல்லிவிட்டது.

என்ன செய்வது? மீசையோடே கேவில் நடித்தார். பிறகு கம்ப்யூட்டர் வித்தையால் மீசையை அழித்தார்கள். படம் வெளிவந்தபோது ரசிகர்கள் முதலில் கவனித்தது கதையை அல்ல. சூப்பர்மேனின் மேல் உதட்டை! அது களிமண்ணில் பிடித்து வைத்ததுபோல் இருந்தது. உலகைக் காக்கும் வீரனைப் பார்த்து, ஜனங்கள் சிரித்தார்கள்.

2017 நவம்பர் 17-ந் தேதி அமெரிக்காவில் படம் திரையிடப்பட்டது. 2 மணி நேரத்தில் முடிந்துவிட்டது. சுமார் 30 கோடி டாலர் செலவான படம். உலகம் முழுவதும் சேர்த்து 65 கோடி டாலர் சொச்சம் வசூலானது. பெரிய தொகைதான். ஆனால் தியேட்டர்காரர்களின் பங்கும், விளம்பரச் செலவும் போனால் மீதி என்ன? முதலாளிகள் நெற்றியில் கை வைத்தார்கள்.

படத்தை டெபோரா பார்த்தார். அவருடன் டைரக்டர் கிறிஸ்டோபர் நோலனும் இருந்தார். பார்த்து முடித்ததும் இருவரும் ஸ்னைடரிடம் ஒரே புத்திமதி சொன்னார்கள். அந்தப் படத்தை நீங்கள் பார்க்கவே வேண்டாம் என்பதுதான் அது. மனம் உடைந்துபோவார் என்று அவர்களுக்குத் தெரியும். ஸ்னைடர் கேட்டுக்கொண்டார்.

விமானத்தில் பறந்த கோரிக்கை

ரசிகர்கள் சும்மா இருக்கவில்லை. "இது ஸ்னைடரின் படம் அல்ல. அவர் எடுத்த படத்தை வெளியிடு!" என்று குரல் எழுப்பினார்கள். கம்ப்யூட்டர் வழியாக ஒரு மனு போட்டார்கள். அதில் ஒன்றரை லட்சம் பேருக்கு மேல் கையெழுத்திட்டார்கள்.

அப்படி ஒரு படம் இருக்கிறதா என்றே பலருக்குச் சந்தேகம். "இல்லாத படத்துக்கு ஏன் கூச்சல்?" என்று கேலி செய்தவர்களும் உண்டு. ரசிகர்கள் விடவில்லை. 2019-ல் சான் டியேகோ நகரில் படக்கதை ரசிகர்களின் பெரிய திருவிழா நடந்தது. அதன் மேலே வானத்தில் ஒரு விமானம் பறந்தது. அதன் வாலில் நீண்ட துணி. அதில் இந்தக் கோரிக்கை! நியூயார்க்கின் டைம்ஸ் சதுக்கத்தில் வாடகைக்கு இடம் பிடித்து விளம்பரமும் செய்தார்கள். 2019 நவம்பர் 17-ந் தேதி, படம் வந்து 2 ஆண்டு நிறைந்த அன்று, பேட்மேனாக நடித்த பென் அப்லெக்கும், வொண்டர் உமனாக நடித்த கேல் கடாட்டும் அதே கோரிக்கையை வெளிப்படையாக எழுதினார்கள்.

இந்தக் கிளர்ச்சியில் போற்றத்தக்க காரியம் ஒன்று உண்டு. தற்கொலையைத் தடுக்கப் பாடுபடும் ஒரு அமெரிக்கச் சங்கத்துக்கு ரசிகர்கள் நிதி திரட்டினார்கள். டைரக்டரின் மகளை நினைத்துச் செய்த காரியம் அது. படம் வெளிவருவதற்குள் 5 லட்சம் டாலருக்கு மேல் சேர்ந்தது.

இன்னொரு பக்கமும் உண்டு. ரசிகர்களில் ஒரு பகுதியினர் எல்லை மீறினார்கள். பிடிக்காதவர்களை வசை பாடினார்கள். மிரட்டினார்கள். கிளர்ச்சியில் கலந்துகொண்ட கணக்குகளில் 100-க்கு 13 போலியானவை என்று கம்பெனிக்காகச் செய்த ஆராய்ச்சி கூறியதாக, 2022 ஜூலையில் "ரோலிங் ஸ்டோன்" பத்திரிகை எழுதியது. கூச்சலைத் தூண்டிவிட்டவர் என்ற குற்றச்சாட்டை ஸ்னைடர் மறுத்தார். போலிகளைக் கழித்துவிட்டாலும் மீதி இருந்த கூட்டம் பெரிது என்பதையும் சொல்ல வேண்டும்.

வீடு தேடி வந்த முதலாளிகள்

2020-ல் வார்னர் கம்பெனி ஒரு புதிய தொழிலில் இறங்கியது. அதன் பெயர் எச்.பி.ஓ. மேக்ஸ். மாதச் சந்தா கட்டினால் போதும். வீட்டு டெலிவிஷனிலேயே வேண்டிய படத்தை வேண்டிய நேரத்தில் பார்க்கலாம். இந்தத் தொழிலுக்குச் சந்தாதாரர்கள் தேவை. சந்தாதாரர்களைப் பிடிக்க ஒரு புதுமை தேவை. அப்போதுதான் அவர்களுக்கு அந்தக் கூச்சல் காதில் விழுந்தது!

முதலில் அவர்கள் சொன்ன யோசனை என்ன தெரியுமா? அரைகுறையாக உள்ள படத்தை அப்படியே வெளியிடலாம் என்பதுதான். செலவு மிச்சம் அல்லவா? ஸ்னைடர் முடியாது என்று கூறிவிட்டார். அப்படி வருவதைவிட, வராமலே இருந்து ரசிகர்களின் கற்பனையில் வாழ்வது மேல் என்பது அவர் எண்ணம்.

2020 பிப்ரவரியில் கம்பெனி அதிகாரிகள் பாசடீனா நகரில் உள்ள ஸ்னைடர் வீட்டுக்கு வந்தார்கள். அங்கே அந்தக் கறுப்பு-வெள்ளைப் படம் அவர்களுக்குக் காட்டப்பட்டது. வந்தவர்கள் அசந்து போனார்கள். படத்தை முடிக்கச் சம்மதித்தார்கள்.

மே 20-ந் தேதி செய்தி வெளியாயிற்று. அப்போது கொரோனா நோய் பரவி, தியேட்டர்கள் மூடிக்கிடந்தன. ஜனங்கள் வீட்டுக்குள் அடைந்திருந்தார்கள். வீட்டில் பார்க்கும் படத்துக்கு அதைவிட நல்ல காலம் வாய்க்குமா?

பாக்கி வேலைக்குச் சுமார் 7 கோடி டாலர் செலவாயிற்று. 2017-ல் விலக்கப்பட்ட இசையமைப்பாளர் டாம் ஹோல்கன்போர்க்கைத் திரும்ப அழைத்தார்கள். புதிதாக எடுத்தது சில நிமிடக் காட்சிகளே. மற்றவை எல்லாம் ஏற்கனவே எடுத்துக் கிடப்பில் கிடந்தவை. ஸ்னைடர் தன் வேலைக்குச் சம்பளம் வாங்கவில்லை. பணம் வாங்கினால் முதலாளிகள் தலையிடுவார்கள் என்று அவர் கருதினார். வீடன் எடுத்த காட்சியில் ஒன்றைக்கூட அவர் சேர்க்கவில்லை.

பூனையும் எலியும்!

படம் வருவதற்கு 10 நாள் முன்பு ஒரு கூத்து நடந்தது. 2021 மார்ச் 8-ந் தேதி சிலர் பிள்ளைகளோடு உட்கார்ந்து "டாம் அண்ட் ஜெர்ரி" படத்தைப் போட்டார்கள். பூனையும் எலியும் வரவில்லை. சூப்பர்மேன் வந்தார்! கம்பெனியில் யாரோ செய்த தவறு. கோடிக்கணக்கில் செலவழித்துப் பூட்டி வைத்திருந்த படம், சிறிது நேரம் எலிப் படத்துக்குள் ஓடிற்று. பதறிப்போய் நிறுத்தினார்கள்.

மார்ச் 18-ந் தேதி முறைப்படி வந்தது. நீளம் 4 மணி 2 நிமிடம். 6 பாகமும் ஒரு பின்கதையும் உண்டு. வீட்டில் பார்ப்பதால் நடுவில் நிறுத்திச் சாப்பிடலாம், நாளைக்கு மீதியைப் பார்க்கலாம். தியேட்டரில் இந்த வசதி ஏது? இந்தியாவிலும் அதே நாளில் வீட்டிலிருந்து பார்க்க ஏற்பாடு செய்திருந்தார்கள்.

பலர் டெலிவிஷன் கெட்டுவிட்டதோ என்று நினைத்தார்கள். காரணம், படம் அகலமாக இல்லை. பழைய டெலிவிஷன் பெட்டியைப்போல ஏறக்குறையச் சதுரமாக இருந்தது. இரு ஓரமும் கறுப்பு. மிக உயரமான ஐமாக்ஸ் திரையில் தலை முதல் கால் வரை வீரர்கள் நிமிர்ந்து நிற்க வேண்டும் என்று எண்ணி ஸ்னைடர் எடுத்த படம் அது. வந்து சேர்ந்த இடமோ வீட்டுக் கூடம். ஆனாலும் அவர் அளவை மாற்றவில்லை.

தந்தையும் மகனும்

கதை இரண்டிலும் ஒன்றே. வேற்று உலகத்து அரக்கன் பூமியைப் பிடிக்க வருகிறான். 3 மாயப் பெட்டிகளைத் தேடுகிறான். வீரர்கள் சேர்ந்து தடுக்கிறார்கள். ஆனால் விக்டர் என்ற இளைஞனின் கதை மட்டும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு.

விபத்தில் தாயை இழந்து, தானும் சாகக் கிடந்தவன் விக்டர். விஞ்ஞானியான தந்தை அவனுக்கு இரும்பு உடல் கொடுத்துப் பிழைக்க வைக்கிறார். மகன் நன்றி சொல்லவில்லை. தன்னை இப்படி ஆக்கிவிட்டாரே என்று வெறுக்கிறான். தந்தை தன் குரலைப் பதிவு செய்து கொடுத்த ஒலிப்பதிவுக் கருவியைக் கையால் நொறுக்கி எறிகிறான்.

பிறகு அரக்கனிடமிருந்து உலகைக் காக்க, மகன் கண் முன்பே தந்தை உயிரைக் கொடுக்கிறார். கடைசியில் விக்டர் அந்தக் கருவியைச் சரிசெய்து, இல்லாத தந்தையின் குரலைக் கேட்கிறான். விக்டராக நடித்தவர் ரே பிஷர்.

2017 படத்தில் இதெல்லாம் இல்லை. தந்தை சாவதும் இல்லை. அதனால் மகன் உருகுவதற்கும் இடம் இல்லை. கத்தரித்தவர்கள் கதையின் ஈரலைக் கத்தரித்துவிட்டார்கள்.

மின்னல் வேகத்தில் ஓடும் பிளாஷ் என்ற வீரனின் காட்சியும் அப்படியே. வீரர்கள் தோற்றுப்போய் உலகமே வெடிக்கிறது. அவன் ஒளியைவிட வேகமாக ஓடுகிறான். காலம் பின்னோக்கித் திரும்புகிறது! அப்போது அவன் நினைப்பது, செய்யாத கொலைக்காகச் சிறையில் இருக்கும் தகப்பனை. 2022 மார்ச்சில் ஆஸ்கார் விழாக்காரர்கள் ரசிகர்களிடம் ஓட்டு வாங்கியபோது, மக்கள் ஆரவாரம் செய்த காட்சிகளில் இதற்குத்தான் முதல் இடம் கிடைத்தது.

இந்தக் காட்சிகள் எல்லாம் 2016-ல், மகள் உயிரோடு இருக்கும்போது எடுத்தவை. போனதைத் திருப்ப முடியாத தகப்பன், காலம் திரும்பும் காட்சியை 2020-ல் மேசை முன் உட்கார்ந்து மறுபடி மறுபடி பார்த்துச் செப்பனிட்டிருக்கிறார்.

படம் முடிந்ததும் மகளின் பெயர் திரையில் தோன்றுகிறது. படம் அவளுக்குக் காணிக்கை. அதன் பிறகு, அவளுக்குப் பிடித்த ஒரு பாட்டு ஒலிக்கிறது.

தொடர்ந்து மேலும் பாகங்கள் வேண்டும் என்று ரசிகர்கள் கேட்டார்கள். கம்பெனி இசையவில்லை. 2025-ல் புதிய நடிகரை வைத்துச் சூப்பர்மேன் கதையை முதலிலிருந்தே தொடங்கிவிட்டார்கள்.

2021 செப்டம்பரில் 4 மணி நேரப் படம் அமெரிக்கக் கடைகளில் வட்டத் தட்டாகவும் விற்பனைக்கு வந்தது. 2 மணி நேரப் படத்தின் தட்டு முன்பே வந்தது. இரண்டு படத்திலும் டைரக்ஷன் என்ற இடத்தில் ஒரே பெயர்தான் இருக்கிறது. ஜாக் ஸ்னைடர். அதில் ஒன்றை இன்னும் பார்க்கவில்லை என்று 2021-ல் அவர் கூறினார்.