இரைச்சலின் நடுவே பேச்சு

செவிச் சோதனையிலே குறையேதும் காணப்படாத ஒருவர், கலியாண வீட்டிலே பக்கத்தில் இருப்பவர் சொல்வதை விளங்கிக்கொள்ளமாட்டாமல் வெறுமனே தலையசைப்பதுண்டு. அவர் பராமுகமாயிருக்கிறார் என்று உறவினர் குறைகூறுவர். குறை அவருடைய கவனத்திலன்று. சோதனை அளந்தது ஒன்று. அவருக்கு இடர் தருவது வேறொன்று.

வழக்கமான சோதனை ஓசை புகாத அறையிலே நடைபெறுவது. எத்துணை மெல்லிய தொனி காதுக்கு எட்டுகின்றது என்பதையே அது அளவிடும். பேச்சிலோ உயிரொலிகள் வலியன. மெய்யொலிகளிற் பல மெலிந்தவை. ஆயினும், ஒரு சொல்லை மற்றொன்றினின்று பிரித்துக் காட்டுவதில் அம்மெய்களுக்கே பெரும்பங்கு உண்டு. இரைச்சல் அவற்றை எளிதில் மறைத்துவிடும்.

இதனை அளப்பதற்கு 1977ஆம் ஆண்டிலே அமெரிக்காவில் கலிக்கோ, ஸ்டீவன்ஸ், எலியட் என்போர் ஒரு சோதனையை வெளியிட்டனர். பன்னிருவர் ஒருங்கே பேசும் ஆரவாரத்தினிடையே வாக்கியங்கள் ஒலிக்கும். கேட்பவர் ஒவ்வொன்றின் ஈற்றுச் சொல்லையும் திருப்பிச் சொல்லவேண்டும். சில வாக்கியங்களிலே அச்சொல்லை முன்வரும் சொற்களைக்கொண்டு ஊகிக்கலாம். ஏனையவற்றில் ஊகிக்க இயலாது. இருவகைப் புள்ளிகளையும் ஒப்பிடின், காதாற் கேட்பது எவ்வளவு, கருத்தால் நிரப்புவது எவ்வளவு என்பது புலனாகும்.

நெதர்லாந்திலே 2003ஆம் ஆண்டில் தொலைபேசி வழியான சோதனை ஒன்று தொடங்கிற்று. இரைச்சலோடு மும்மூன்று இலக்கங்கள் ஒலிக்கும். கேட்பவர் அவற்றுக்குரிய பொத்தான்களை அழுத்துவார். விடை சரியாயின், இரைச்சலை நோக்கப் பேச்சு 2 டெசிபெல் தாழும். பிழையாயின் அவ்வளவே உயரும். இவ்வாறு ஏறியும் இறங்கியும், பாதி சரியும் பாதி பிழையுமாகும் எல்லையை அது கண்டுகொள்ளும். செவி நலமுடையோர், இரைச்சல் பேச்சினும் ஓங்கியிருக்கும்போதும் பாதியைப் பிடித்துக்கொள்வர். பேச்சுக்கும் இரைச்சலுக்குமுள்ள விகிதமே இங்கு முக்கியமாதலின், தொலைபேசி சற்று உரத்தோ மெலிந்தோ ஒலிப்பினும் பெறுபேறு பெரிதும் மாறுவதில்லை.

இதிலிருந்து வீட்டாருக்கும் ஒரு பாடம் உண்டு. ஒலியைப் பெருக்குவது மட்டும் பரிகாரமாகாது. செவிக்கருவியும் பேச்சோடு இரைச்சலையும் சேர்த்தே பெருக்கக்கூடும். முகம் தெரியும்படி எதிரே அமர்ந்து, ஆறுதலாகப் பேசுதல் நன்று. பேசும் வேளையில், அருகே பாடிக்கொண்டிருக்கும் வானொலியையும் சற்று நிறுத்திவைத்தல் அதனினும் நன்று.